அரங்கேற்றமும் சிறப்புப் பாயிரமும்
– புத்தகக் கடை வாயிலில் நின்று ஒரு நோக்கு –

காஞ்சிபுரத்திற்குத் தென்கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த சிற்றூர் திருமுக்கூடல். ஆற்றின் அக்கரையில் பழையசீவரம். இக்கரையில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி வட்டாரத்தில் இவ்வூரை வரலாற்று மாணவர்கள் தனித்து நினைவிற் கொள்வது, அக்கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டினால் ஆகும். பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நீண்ட கல்வெட்டு, அங்கு ஒரு கல்விச்சாலையும், மாணவர் உண்டுறையும் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்தமையைத் தெரிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு நெல் என்று வரையறுத்திருக்கின்றனர். மாணவர்கள் சனிக்கிழமைகளில் தலை முழுக எண்ணெய் அளிக்கவும் அக்கல்வெட்டில் இடமுண்டு. இன்றைய விடுதி மாணவர்கள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு!

அந்த ஆதுலர் சாலைக்கு இட்ட பெயர் 'வீரசோழன்' என்பதாகும். அதே மன்னன் காலத்தில், அவன் பெயராலேயே, புத்தமித்திரர் என்னும் பௌத்தப் புலவர் இயற்றிய இலக்கண நூல் வீரசோழியம். இந்நூலுக்கும் காஞ்சி மாநகருக்கும் இடையே ஒரு சுவையான தொடர்பு வழங்கி வருகின்றது. நம் கட்டுரைப் பொருளுக்குள் நுழைய அதுவே தக்க வாயில்.

காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் தம் கந்தபுராணத்தை அரங்கேற்றினார். அரங்கேற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் மண்டபத்தை இன்றும் அங்குக் காட்டுவர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அப்பெருநூலின் முதற் பாட்டை, அதன் முதற் சொல்லை, ஆசிரியர் படித்த அளவிலேயே அவையில் ஒருவர் எழுந்து தடுத்தாராம். 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் கூடுமிடத்து 'திகட' என வருதற்கு இலக்கண விதி யாது என்பது அவர் வினா. தொல்காப்பியத்தில் அதற்கு விதி இல்லை. கச்சியப்பர் விடை கூற இயலாது நின்றார். அவை மறுநாளைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியச் சுவடியை விரித்து, அப்புணர்ச்சிக்குரிய விதியைக் காட்டினார். அதன் பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவர் முருகப் பெருமானே என்பது அடியார்தம் நம்பிக்கை. நம்பிக்கையை நம்புவோர்க்கு விட்டுவிட்டு, இக்கதை காட்டும் வழக்கத்தை மட்டும் இவண் கருதுவோம்.

பத்தாயிரம் பாடல்கள் பாடிய புலவரை, ஒரு சொல்லின் பொருட்டு, ஒரு நாள் முழுதும் நிறுத்தி வைக்க அவையினருக்கு உரிமை இருந்தது. தடுத்தவரை எவரும் வெளியேற்றவில்லை. நூலாசிரியர் நேரில் வந்து படிப்பது என்பதற்கு நம் முன்னோர் கண்ட பொருள் இதுவே. அவர் தம்மைக் கேள்விக்கு உட்படுத்திக்கொண்டார். கேட்டவரோ, நூல் நன்று என்று பின்னர்ச் சொல்வாராயின், தாம் கேட்டு ஐயம் தீர்ந்து சொன்னார்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் இதனினும் பழைய சான்று. தொல்காப்பியருடன் பயின்றவராகிய பனம்பாரனார் அதனைப் பாடினார் என்பர். தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லை, நூல் எவ்வவற்றை ஆராய்ந்து எழுந்தது, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையம், அங்கு நூலைக் குற்றமறக் கேட்டறிந்த அதங்கோட்டாசான் – இவ்வளவும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. யார் கேட்டார் என்பதைப் பெயர் சுட்டி எழுதியிருத்தல் கவனிக்கத்தக்கது.

அவையோர் எவ்வாறு கேட்டனர் என்பதற்கு இறையனார் களவியல் உரை தரும் செய்தியினும் அழகியது வேறில்லை. சங்கப் புலவர் பலரும் அந்நூலுக்குத் தத்தம் உரையைக் கூற, எது மெய்யுரை என்று முடிவு செய்ய இயலாமற் போயிற்று. உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன், அதுவும் மூங்கைப் பிள்ளை, நடுவனாக அமர்த்தப்பட்டான். ஏனையோர் உரைக்கெல்லாம் வாளா இருந்த அப்பிள்ளை, மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்த்தான். வாயால் ஒரு சொல்லும் சொல்லாத அந்த மதிப்புரைக்கு நிகராக நம் இதழ்களில் எத்தனை மதிப்புரைகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கலாம்.

திருமுக்கூடலைத் தழுவி ஓடும் அதே பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி உள்ளது. அங்குள்ள இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணிபுரிந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). அவ்வட்டாரத்தின் உருது முஷாயிரா மரபைத் தமிழ்க் கவியரங்கத்தோடு ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். முஷாயிராவில் நல்ல அடியைக் கேட்டவர் 'முகர்ரர்' என்பார். மீண்டும் ஒருமுறை கூறுக என்பது பொருள். அவ்வாறு கேட்கப்படாத கவிதையின் நிலைமையைக் கவிஞர் அவ்விடத்திலேயே உணர்ந்து கொள்வார். கைதட்டல் ஒன்றையே அறிந்த நம் மேடைகளுக்கு இந்த நுட்பம் வாய்க்கவில்லை.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் அரங்கேற்றத்தின் வழியாகவே தமிழுலகுக்கு அறிமுகமாயிற்று. நமக்கு முழுமையாகக் கிடைப்பனவற்றுள் காலத்தால் முற்பட்டதாகக் கூறப்படும் 'ஆயிர மசலா' வண்ணப்பரிமளப் புலவரால் 1572ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேற்றப்பட்டது என இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பர். வினாவும் விடையுமாக அமைந்த நூல் வினாவுக்குரிய அவையில் அரங்கேறியது பொருத்தமே.

உமறுப் புலவரின் சீறாப்புராண வரலாற்றையும் மாணவர் நன்கு அறிவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழிற் காப்பியமாக்க விழைந்தவர் வள்ளல் சீதக்காதி. அதற்கு வேண்டிய வரலாற்றுக் குறிப்புகளை நாடிச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் சென்ற புலவர்க்கு, முதலில் அவை எளிதிற் கிடைக்கவில்லை என்று வரலாறு கூறுவர். பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் அவர்களிடம் உரை கேட்டுத் தெளிந்தார். நூல் நிறைவேறுமுன் சீதக்காதி மறைந்துவிட, அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். அவரைப் புலவர் தம் நூலுள்ளேயே நன்றியுடன் போற்றுகிறார். ஆதரித்த செல்வரின் பொருளைக் காட்டிலும், தகுதி அறியாமல் குறிப்புகளைத் தர மறுத்த ஆலிமின் தயக்கமே சீறாவுக்கு மிகுந்த பயன் தந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கேட்டவுடன் கொடுத்திருந்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அப்பாடல்களில் இன்று நாம் காணும் கவனம் இருந்திருக்குமா என்பது ஐயமே. பின்னர், 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதனை அச்சிற் கொணர்ந்தார்.

இனி, பரிந்துரைக்கு வருவோம். இன்று நூலின் முன்னே அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை எனப் பல உரைகள் நிற்கின்றன; பின்னட்டையில் நான்கு வரிப் புகழ் நிற்கின்றது. இவை அனைத்திற்கும் தாய் சிறப்புப் பாயிரம். அதனைப் பாடுதற்கு உரியவர் யாவர் என்று நன்னூல் வரையறுக்கின்றது. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவர்தம் மாணாக்கர், நூலுக்கு உரை கண்டவர் என நால்வரே. ஒரு பொதுப் பண்பு இந்நால்வரையும் இணைக்கின்றது: இவர்கள் நூலையோ நூலாசிரியரையோ உள்ளிருந்து அறிந்தவர்கள். செல்வாக்குடையோர், பதவியாளர் என்போர் அவ்வரிசையில் இல்லை. தற்புகழ்ச்சி தகாது என்பதனால்தான் இவ்வேற்பாடே எழுந்தது. தன்னைத் தானே புகழ்தற்கு நன்னூலார் இசைவு தரும் இடங்களும் மிகச் சிலவே.

சிறப்புப் பாயிரத்தில் எவை இடம்பெற வேண்டும்? ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலமும் களமும் காரணமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். இவற்றுள் கேட்போர், பயன் என்னும் இரண்டினையும் மாணவர் அடிக்கோடிட்டுக் கொள்க. இந்நூல் யாருக்கு உரியது? அவருக்கு இதனால் ஆவது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறாத புகழுரை எத்துணை நீண்டதாயினும் பாயிரம் ஆகாது. 'காலத்தை வென்ற படைப்பு' என்று எழுதுவோர், அது யாருக்கு ஆகாது என்பதையும் ஒரு வரியில் எழுதுவாராயின் வாசகர் பிழைப்பர்.

இவ்விரண்டு மரபுகளும் பிற்காலத்தில் எங்குச் சென்று தங்கின? ஒரு பகுதி பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. ஒரு பகுதி இதழ்களுக்குச் சென்றது. நாம் எளிதில் மறந்துவிடும் ஓர் இடமும் உண்டு. அதுவே தெருவோரத்துத் தனியார் புத்தகக் கடை.

பாரிசு நகரின் ஓதேயோன் தெருவில் ஆத்ரியன் மோனியே என்னும் பெண்மணி 1915இல் ஒரு சிறு புத்தகக் கடையைத் தொடங்கினார். அவர் தோழியும் அமெரிக்கருமாகிய சில்வியா பீச் 1919இல் 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி' என்னும் கடையைத் திறந்து, பின்னர் அதே தெருவுக்கு வந்து சேர்ந்தார். 1921 டிசம்பர் 7ஆம் நாள் மோனியேயின் கடையில் ஒரு கூட்டம் நடந்தது. அப்போது இன்னும் வெளிவராத ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசிஸ்' புதினத்தைப் பற்றி வலேரி லார்போ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் உரையாற்றினார், பகுதிகளும் படிக்கப்பட்டன. படிக்கப்படும் சில பக்கங்கள் கேட்போர் சிலருக்கு உவப்பாக இராது என்று அழைப்பிதழிலேயே எச்சரித்திருந்தனர். நன்னூலார் கூறிய 'கேட்போர்' என்னும் உறுப்பை அந்தக் கடைக்காரர் தாமாகவே கண்டுகொண்டார் போலும்! அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சில்வியா பீச்சே அந்நூலை வெளியிட்டார். 1936இல் அவருடைய கடை பொருள் முட்டுப்பாட்டால் மூடும் நிலைக்கு வந்தபோது, எழுத்தாளர்கள் அங்கு வந்து தம் படைப்புகளைக் கட்டணம் செலுத்திய அன்பர்களுக்குப் படித்துக் காட்டி அதனைக் காப்பாற்றினர்; டி. எஸ். எலியட்டும் இலண்டனிலிருந்து வந்து படித்தார்.

பரிந்துரையைப் பொறுத்தமட்டில் இங்கிலாந்தின் 'வாட்டர்ஸ்டோன்ஸ்' கடைகள் ஒரு பாடம். 1982இல் தொடங்கப்பட்டுப் பல ஊர்களில் கிளைத்த இந்நிறுவனத்தில், ஒரு காலத்தில், வாயிலருகே எந்த நூலை அடுக்குவது என்பதைப் பதிப்பாளர் செலுத்திய பணம் முடிவு செய்தது. வாசகரோ, கடைக்காரர் படித்துத் தேர்ந்தவை அவை என்று எண்ணினார். நிறுவனம் நலிந்தது. 2011இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட் – இவர் 1990 முதல் இலண்டனில் தம் சொந்தக் கடையை நடத்தியவர் – அப்பணத்தைப் பெறுவதை நிறுத்தினார். ஒவ்வோர் ஊர்க் கடையின் பணியாளர்களும் தம் வாசகர்க்கு ஏற்ப நூல்களைத் தேர்ந்து அடுக்கட்டும் என்று விட்டார். பல கடைகளில் பணியாளர் தாம் படித்த நூலைப் பற்றித் தம் கையெழுத்தில் சிறு அட்டை எழுதி நூலருகே வைப்பதைக் காணலாம். பின்னர் நிறுவனமும் தலைநிமிர்ந்தது.

நம் நாட்டிலும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. சென்னைக் கன்னிமரா விடுதியில் 1970களில் 'கிகிள்ஸ்' என்னும் சின்னஞ்சிறு ஆங்கில நூற்கடையைத் தொடங்கி நடத்திய நளினி செட்டூர், தரையிலிருந்து கூரைவரை குவிந்து கிடந்த நூல்களுக்கிடையே அமர்ந்து, வந்தவரின் நாட்டம் அறிந்து நூலை எடுத்துக் கொடுப்பதற்குப் பெயர்பெற்றவர். கோவை இராச வீதியில் விஜயா பதிப்பகத்தை நிறுவிய மு. வேலாயுதம், எழுத்தாளரையும் வாசகரையும் நேருக்கு நேர் அமர்த்திய கூட்டங்களை நடத்தினார். அவருடைய வாசகர் வட்டம் எழுத்தாளர்களுக்கு விருதும் வழங்கியது. சென்னைக் கே.கே. நகரில் 'டிஸ்கவரி புக் பேலஸ்', திருவான்மியூரில் 'பனுவல்' ஆகிய கடைகள் நூல் அறிமுகக் கூட்டங்களையும் எழுத்தாளர் சந்திப்புகளையும் நடத்திய வகையில் இந்நூற்றாண்டின் அரங்கேற்ற மண்டபங்களாக விளங்கின. ஐம்பது பேர் அமரக்கூடிய இடத்தில் எழுத்தாளர் எதிரே அமர்ந்து, 'உங்கள் பாத்திரம் ஏன் அப்படிச் செய்தாள்?' என்று ஒரு கல்லூரி மாணவி கேட்பதற்கும், ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் பொன்னாடை போர்த்துவதற்கும் வேறுபாடு உண்டு.

பொன்னாடைகள் மலிந்த வெளியீட்டு விழாக்களை இக்கட்டுரையாளர் இகழ முன்வரவில்லை. அவற்றில் தாமும் பேசியதுண்டு. ஆயின் 'நூலை இன்னும் முழுமையாகப் படிக்க நேரம் வாய்க்கவில்லை' என்று தொடங்கி அரைமணி நேரம் பாராட்டும் துணிவு, உருத்திரசன்மன் பிறந்த நாட்டில் எப்படி வந்தது என்று வியப்பதுண்டு.

அவ்வியப்பில் தன் குறையும் அடங்கும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், காஞ்சிப் பக்கத்து நெசவாளர் குடும்பத்து மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, விடுமுறையில் படிக்க ஒரு நாவல் சொல்லுமாறு கேட்டார். அப்போது பலரும் பேசிக்கொண்டிருந்த ஒரு தடித்த நூலின் பெயரைச் சற்றும் தயங்காமற் கூறினேன். அதனை யான் படித்ததில்லை. பின்னட்டையை மட்டுமே படித்திருந்தேன். விடுமுறை கழிந்து வந்த மாணவர் நூலைத் திருப்பிக் கையிற் கொடுத்து, "ஐயா, நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அறியும் விருப்பம் மட்டுமே இருந்தது. தறியில் தந்தைக்குத் துணையாக அமர்ந்து பெற்ற கூலியில் அந்நூலை வாங்கினார் என்று பின்னர் அறிந்தேன். படித்ததாகப் பொய் சொல்லவும் நா எழவில்லை; இல்லையென்று சொல்லவும் நாணம். "படிக்கிறேன் தம்பி" என்றேன். அம்மாணவர் பட்டம் பெற்றுச் செல்லும்வரை எம்மிடம் வேறொரு நூலின் பெயர் கேட்கவில்லை.

அவருடைய ஊரில் பட்டுப் புடவை வாங்கச் செல்வோர் அறிவர். நல்ல வணிகர் புடவையின் முகப்பை மட்டும் விரித்துக் காட்டமாட்டார். உடலும் கரையும் கோர்வையால் இணைந்த இடத்தைத் திருப்பிப் பின்புறம் காட்டுவார். சரிகை மெய்யானதா என்று கேட்டால், இழை ஒன்றை மெல்லச் சுரண்டி உள்ளிருக்கும் சிவப்புப் பட்டு நூலைக் காட்டுவார். நூல் என்ற ஒரு சொல்லாலேயே இழையையும் புத்தகத்தையும் குறிக்கும் மொழி நம்முடையது. புத்தக நூலைப் பரிந்துரைப்போர் அதன் பின்புறத்தைக் காட்டுவது அரிதாயிற்று.

இதன் பொருட்டே, எம் மாணவர்க்குச் சில ஆண்டுகளாக ஒரு பயிற்சி தந்து வருகிறோம். நன்னூற் பாயிர வகுப்பு முடிந்ததும், ஒவ்வொருவரும் தாம் முழுமையாகப் படித்த நூல் ஒன்றற்குச் சிறப்புப் பாயிரம் எழுதுதல் வேண்டும். செய்யுளாக வேண்டா, அஞ்சலட்டை அளவுள்ள தாளில் உரைநடையே போதும். எட்டு உறுப்புகளையும் எழுத இடம் போதாது; கேட்போர், பயன் இரண்டும் தவறாது இடம்பெற வேண்டும். நூலில் மனத்துக்கு ஒவ்வாத ஓரிடத்தையும் சுட்ட வேண்டும். அடியில் தம் பெயரையும் வகுப்பையும் எழுத வேண்டும். ஏனெனில் நூலைப் படித்துவிட்டு வரும் மற்றொருவர் அவரைத் தேடி வந்து கேள்வி கேட்பார். கையெழுத்திடாத அட்டை ஏற்கப்படுவதில்லை.

முதலாண்டில் வந்தவற்றுட் பெரும்பாலானவை 'அனைவரும் படிக்க வேண்டிய அரிய நூல்' என்றே தொடங்கின. அவற்றைத் திருப்பிக் கொடுத்து, 'அனைவரும் என்போர் யாவர்? உன் பாட்டியாருமா?' என்று கேட்க வேண்டியதாயிற்று. ஒரு மாணவி மறுநாள் வந்து, "ஆமாம் ஐயா, எங்க பாட்டிம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். மூணாம் அத்தியாயத்துல தூங்கிட்டாங்க. அதையே எழுதட்டுமா?" என்றார். எழுதச் சொன்னோம். அவ்வாண்டு துறை நூலகத்தில் மிகுதியும் இரவல் சென்ற நூல், பாட்டியார் உறங்கிய அந்த நூலே. மூன்றாம் அத்தியாயத்தில் என்னதான் இருக்கிறது என்று அறியப் பலரும் விரும்பினர்.

எழுத்தாளரை அழைத்துப் படிக்கச் செய்யும் கூட்டத்திற்கும் இதே போல் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். மேடை இல்லை, வட்டமாக நாற்காலிகள். எழுத்தாளர் தம் நூலிலிருந்து கால்மணி நேரம் படிப்பார். முன்னரே அந்நூலைப் படித்து வந்த மாணவர் மூவர் மட்டும் முதலில் வினவுவர்; அதன் பின்னரே பேராசிரியர்கள் வாய் திறக்கலாம். இவ்விதிக்குப் பேராசிரியர்களிடமிருந்து வந்த எதிர்ப்பு, குமரகோட்டத்து எதிர்ப்பினும் வலியது. ஒரு கூட்டத்தில், மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் முதலாண்டு மாணவர் ஒருவர், கதையில் வரும் தறியில் பாவு ஓடும் திசை தவறு என்று சுட்டினார். எழுத்தாளர் நூலை மூடி வைத்தார். அவையில் ஒரு கணம் எவரும் பேசவில்லை. பிறகு அவர் பேனாவை எடுத்து, "எப்படி ஓடும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அம்மாணவர் எழுந்து சென்று கரும்பலகையில் தறியை வரையத் தொடங்கினார்.